சின்ன டிராக்டரில் இன்னொரு மடை!

“அண்ணாச்சி, வண்டியில இன்னும் ரெண்டு லைன் எடுத்துத் தரணும். முடியுமா?”

ராஜபாளையத்தில் ஒரு டிராக்டர் பட்டறை. கேட்டவர் என் சித்தப்பா. பட்டறைக்காரர் உடனே பதில் சொல்லவில்லை. வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். குனிந்து பம்பைப் பார்த்தார். கைத்துணியால் ஒரு நிப்பிளைத் துடைத்து முகர்ந்துகூடப் பார்த்தார். பிறகு, “லைன் எடுக்கிறது பெரிய விஷயமில்ல. எடுத்த எண்ணெய் திரும்ப எங்க போய்ச் சேரும்னு முதல்ல பார்ப்போம்” என்றார்.

இந்த ஒரு கேள்வியைக் கேட்காத வேறொரு பட்டறையில் வேலையைக் கொடுத்து, சூடுபட்ட பிறகுதான் நாங்கள் இவரிடம் வந்திருந்தோம். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

சித்தப்பாவின் தோப்பு ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது. தென்னை, கொஞ்சம் மா, இடையில் வாழை. 25 அடிக்கு ஒரு தென்னை என்பது பொதுவான கணக்கு. ஏக்கருக்கு 70 மரம் வரும். 25 அடி இடைவெளியில் பெரிய டிராக்டரே தாராளமாகப் போகலாமே என்று தோன்றும். வாழையை நடுவில் வைத்துவிட்டால் போக முடியாது. மாமரத்தின் தாழ்ந்த கிளைகள் புகைக்குழாயை இடிக்கும். அதனால்தான் இந்தப் பக்கம் தோப்புக்காரர்கள் பலர் 20, 25 ஹெச்.பி. குட்டி டிராக்டர்களுக்கு மாறினார்கள். சித்தப்பாவுடையது 24 ஹெச்.பி.

வாங்கும்போது அதில் ஹைட்ராலிக் என்று இருந்தது இரண்டே சங்கதிகள்தான். ஒன்று, கலப்பையையும் ரோட்டவேட்டரையும் தூக்கி இறக்கும் பின்பக்க லிப்ட். இன்னொன்று, டிப்பர் டிரெய்லருக்கு எண்ணெய் அனுப்பும் ஒற்றைக் குழாய். டிரெய்லரை மாட்டிவிட்டு லிப்ட் லீவரைத் தூக்கினால், எண்ணெய் ஜாக்கிக்குள் போய் டிரெய்லர் தூக்கும். லீவரை இறக்கினால் டிரெய்லர் தன் பாரத்தாலேயே கீழே இறங்கும். ஒரு பக்கம் மட்டும் தள்ளும் வேலை. அதற்கு ஒரு குழாய் போதும்.

சித்தப்பாவுக்கு ஆசை விரிந்தது. கண்மாயிலிருந்து அனுமதி வாங்கி வண்டல் அடித்தால், அதைத் தோப்பில் பரத்த முன்பக்கம் ஒரு பிளேடு வேண்டும். அது ஏறவும் வேண்டும், தரையை அழுத்தி இறங்கவும் வேண்டும். ரோட்டவேட்டரை மரத்தின் தூருக்குப் பக்கத்தில் கொண்டுபோய், மரம் வந்ததும் விலக்கிக்கொள்ளும்படி இடம் வலமாக நகர்த்தும் அமைப்பும் வேண்டும். இரண்டுமே இருபக்கமும் தள்ளுகிற வேலை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு குழாய், ஆக நான்கு.

அவருக்கு வயது 68. மண்வெட்டியால் வண்டல் பரத்திய காலம் போய்விட்டது. காலையில் வருகிறேன் என்று சொன்ன ஆள், மதியம் போன் எடுப்பதில்லை. ‘இந்த வேலையை வண்டியே செய்யாவிட்டால் வாழையை எடுத்துவிட வேண்டியதுதான்’ என்ற இடத்தில் அவர் நின்றிருந்தார்.

வாய்க்காலும் வால்வும்

ஹைட்ராலிக் என்றதும் பயப்பட வேண்டாம். வாய்க்கால் பாசனம் பார்த்தவர்களுக்கு இது பழகிய கணக்குதான்.

குட்டி டிராக்டர்கள் பெரும்பாலானவற்றில் இருப்பது பல்சக்கர பம்பு. இன்ஜின் ஓடும்வரை இதுவும் ஓடும். நீங்கள் லீவரைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் எண்ணெயைத் தள்ளிக்கொண்டே இருக்கும். வீட்டுக் குழாயை மூடினால் தண்ணீர் மேல்தொட்டியில் அப்படியே நிற்கும். இங்கே நிற்க இடமே கிடையாது. கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும் வாய்க்காலைப் போல, தண்ணீர் ஏதாவது ஒரு மடை வழியாகப் போய்த்தான் ஆக வேண்டும். எல்லா மடையையும் அடைத்தால் கரை உடையும்.

அதனால்தான் லீவர் நடுவில் இருக்கும்போது வால்வு எண்ணெயைத் தன் வழியாகக் கடந்துபோக விடுகிறது. அது அடுத்த வால்வுக்கும், கடைசியில் பின் லிப்ட்டுக்கும் போய், அங்கும் வேலை இல்லாவிட்டால் கியர்பாக்ஸுக்குள் இறங்கிவிடும். இந்த டிராக்டர்களில் கியர்பாக்ஸ்தான் எண்ணெய்த் தொட்டியும். அப்படியானால் லிப்ட்தான் நம் கடைமடை. நடுவில் எத்தனை மடை வைத்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் போக வேண்டும்.

கண்மாய் நிரம்பினால் உபரி வழிய கலிங்கு இருக்கிறதல்லவா, அதேபோல ஹைட்ராலிக்கிலும் ஒரு கலிங்கு உண்டு. ‘ரிலீஃப் வால்வு’ என்பார்கள். குறிப்பிட்ட அழுத்தத்துக்கு மேல் போனால் அது திறந்து எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பிவிடும். குட்டி டிராக்டர்களில் அந்த அளவு பெரும்பாலும் 150 முதல் 200 பார்வரை இருக்கும். கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம். அதைப்போல 70, 80 மடங்கு அழுத்தம் நம் விரல் தடிமன் ஓசுக்குள் ஓடுகிறது.

பலம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிலிண்டர், நம் உள்ளங்கைக்குள் அடங்கும். அதன் முகப்பு ஏறக்குறைய 19.6 சதுர சென்டிமீட்டர். 150 பாரில் அது தள்ளும் பலம் 3 டன். பிரான்ஸின் பாஸ்கல் 17-ம் நூற்றாண்டில் சொன்ன தத்துவம். லண்டனில் ஜோசப் பிராமா 1795-ல் அதை வைத்து அழுத்தும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் செய்துகொடுத்த ஹைட்ராலிக் பிரேக்குக்கும் அடிப்படை இதுதான்.

டிராக்டரின் பின்னால் இதைக் கச்சிதமாகப் பொருத்திய புண்ணியவான், அயர்லாந்துக்காரர் ஹாரி பெர்குசன். அதற்கு முன்பு கலப்பையை டிராக்டர் வெறுமனே கட்டி இழுத்தது. கலப்பை பாறையில் சிக்கினால், டிராக்டரின் முன்பக்கம் தூக்கி, ஓட்டுநர் மேலேயே கவிழும். எத்தனையோ உயிர்கள் அப்படிப் போயின. மூன்று புள்ளிகளில் கலப்பையைப் பிடித்து, ஹைட்ராலிக்கால் ஆழத்தைத் தானே சரிசெய்யும் அமைப்போடு அவருடைய டிராக்டர் 1936-ல் விற்பனைக்கு வந்தது. 1938-ல் ஹென்றி ஃபோர்டும் அவரும் பத்திரம் எதுவும் எழுதாமல் கைகுலுக்கியே ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அடுத்த ஆண்டே ‘9என்’ டிராக்டர் வந்தது. கைகுலுக்கல் ஒப்பந்தம் பிற்பாடு கோர்ட்டில் போய் முடிந்தது தனிக் கதை! அவர் பெயரைத் தாங்கிய மாஸி பெர்குசன் டிராக்டர்களை, 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் நம் வயல்களுக்குக் கொண்டுவந்தது. இன்றைக்கு 24 ஹெச்.பி. குட்டி வண்டியின் பின்னால் இருப்பதும் அவர் போட்ட அதே முக்கோணம்தான்.

மூன்றாவது ஓசு

இப்போது எங்கள் கதை. முதலில் போன பட்டறையில் இரண்டு லீவர் உள்ள புது வால்வை ஒரே நாளில் பொருத்திக் கொடுத்துவிட்டார்கள். பம்பிலிருந்து லிப்ட்டுக்குப் போகும் குழாயைக் கழற்றி, நடுவில் வால்வைச் செருகினார்கள். ஒரு ஓசு உள்ளே, ஒரு ஓசு வெளியே. அந்த வெளியே போகும் ஓசு நேராக லிப்ட்டுக்கு. பிளேடு அழகாக ஏறி இறங்கியது. சித்தப்பா அன்று பட்டறையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

மூன்றாவது நாள் ரோட்டவேட்டரைத் தூக்கியபோது புது வால்வின் தலைப்பில் ‘உஸ்’ என்று ஒரு சத்தம். எண்ணெய் புகைபோலப் பீய்ச்சியது. எங்கே ஒழுகுகிறது என்று தடவிப் பார்க்க சித்தப்பா கையை நீட்டிவிட்டார். டிரைவர் பையன் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தி, “ஐயா, கைய எடுங்க!” என்று கத்தினான். அவன் கத்தியது எவ்வளவு பெரிய உபகாரம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

என்ன தப்பு? வால்வில் ‘வெளியே’ என்று சொல்லத்தக்க வழிகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று, வேலை முடித்த எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும் வழி. அது அழுத்தமில்லாத வழி. வால்வின் ஓரத்து ரப்பர் சீல்கள் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். அவை அழுத்தத்தைத் தாங்கப் பிறந்தவை அல்ல. இன்னொன்று, முழு அழுத்தத்தோடு அடுத்த வால்வுக்கு எண்ணெயைக் கடத்தும் வழி. ‘பவர் பியாண்ட்’ என்று பெயர். பல வால்வுகளில் இது தயாராக இருக்காது. ஒரு சிறு ஸ்லீவை வாங்கித் திருகினால்தான் இரண்டு வழிகளும் உள்ளே பிரியும்.

அந்தப் பட்டறையில் ஸ்லீவ் போடவில்லை. திரும்பும் வழியையே லிப்ட்டோடு இணைத்துவிட்டார்கள். பிளேடு மட்டும் வேலை செய்யும்போது தெரியவில்லை. லிப்ட் பாரம் தூக்கியபோது அதன் அழுத்தம் முழுவதும் பின்னால் வந்து வால்வின் மெல்லிய பக்கத்தை அடித்தது. சீல் பிய்த்துக்கொண்டது. இதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது. புது வால்வின் கலிங்கு வழிவதும் அந்தத் திரும்பும் பக்கத்துக்குத்தான். கலிங்குக்கு வெளியே இன்னொரு கண்மாய் தளும்ப நின்றால் கலிங்கு எப்படி வழியும்? இரண்டு அழுத்தமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். வால்வின் வார்ப்பு வெடிக்கக்கூட வாய்ப்பு உண்டு.

புதுப் பட்டறைக்காரர் செய்தது எளிமையானது. ஸ்லீவ் போட்டு, பவர் பியாண்ட் வழியை லிப்ட்டுக்குக் கொடுத்தார். திரும்பும் வழியிலிருந்து மூன்றாவதாக ஒரு தடித்த ஓசை எடுத்து நேரே கியர்பாக்ஸுக்கு இறக்கினார். நடுவில் எந்தத் தடையும் இல்லை. புதிதாக வால்வு போடுகிறவர்கள் பட்டறையில் நின்று எண்ண வேண்டியது இதைத்தான்: வேலைக்குப் போகும் ஓசுகளைத் தவிர, வால்வோடு மூன்று ஓசுகள் இருக்கின்றனவா? இரண்டுதான் இருந்தால், மூன்றாவது எங்கே என்று கேளுங்கள்.

அவர் சொன்ன வேறு சில விஷயங்களும் காசு பெறும். குழாய் மரைகளுக்குத் தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுவதுபோல டெஃப்லான் டேப் சுற்றக் கூடாது. துணுக்கு பிய்ந்து வால்வுக்குள் போய்ச் சிக்கும். மரைகளில் அங்குல வகை, மில்லிமீட்டர் வகை என்று பல உண்டு. இரண்டு சுற்று ஏறுகிறது என்பதற்காக ஒன்றை ஒன்றில் முறுக்கக் கூடாது. ஓசை வெட்டியபின் உள்ளே ஒட்டியிருக்கும் இரும்புத்தூளைக் காற்றடித்துச் சுத்தம் செய்யாமல் மாட்டினால், முதல் நாளே அது பம்புக்குப் போய்விடும். இந்த வேலைக்குப் பின் சில மணி நேரம் ஓட்டிவிட்டு ஃபில்டரை மாற்றிவிடுவது உத்தமம். எங்களுக்கு வால்வின் விலையைவிட ஓசு, நிப்பிள், கப்ளர் எல்லாம் சேர்ந்துதான் அதிகமாக வந்தது. மிச்சம் பிடிக்க நினைத்தால் எல்லோருக்கும் அங்கேதான் கை போகும். அங்கே போகக் கூடாது.

கியர்பாக்ஸை மறக்காதீர்கள்

எண்ணெய் கியர்பாக்ஸிலிருந்துதான் வருகிறது என்றேன் அல்லவா? அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 90 மில்லிமீட்டர் விட்டம், 1 மீட்டர் நீளம் நீளும் டிரெய்லர் ஜாக்கி முழுதாக உயர்ந்து நிற்க ஏறக்குறைய 6.4 லிட்டர் எண்ணெய் குடிக்கும். பெரிய டிராக்டருக்கு அது பொருட்டல்ல. குட்டி டிராக்டரில் அந்த 6 லிட்டர் வெளியே போனால் தொட்டி மட்டம் இறங்கி, பம்பு காற்றை உறிஞ்ச ஆரம்பிக்கும். முனகல் சத்தம் வரும், எண்ணெய் நுரைக்கும். ‘பம்பு போச்சு’ என்று பம்பை மாற்றியவர்கள் உண்டு. பம்பில் குற்றம் இருக்காது. டிரெய்லர் வாங்கும்போதே ஜாக்கியின் அளவைக் கேட்டு, வண்டிக்கு ஏற்ற சின்னதாக எடுத்துக்கொள்ள வேண்டும். அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றிச் சமாளிப்பது வேறு வம்பில் கொண்டுபோய் விடும்.

வண்டியின் பம்பு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளும், ரிலீஃப் வால்வு எந்த அழுத்தத்தில் திறக்கும் என்பதெல்லாம் விற்பனைப் பிரசுரத்தில் இல்லாமல் போகலாம். மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பரிசோதனை நிலையத்தின் அறிக்கையில் இருக்கும். மாடல் பெயரைச் சொல்லி டீலரிடம் அந்த அறிக்கையைக் கேட்கலாம். கூடவே, கம்பெனியே கூடுதல் வால்வு தருகிறதா என்றும் கேளுங்கள். தந்தால் அதுவே முதல் தேர்வு. வாரன்டி இருக்கும் வண்டியில் வெளியே கை வைத்தால், நாளைக்கு கியர் உடைந்தாலும் அந்த வால்வைத்தான் காட்டுவார்கள்.

வெயில் செய்யும் வேலை

ராஜபாளையத்து மே மாத வெயிலில் பிளேடைக் கழற்றிக் களத்தில் போட்டுவிட்டு, சாயங்காலம் மாட்டப் போனால் கப்ளர் ஏறாது. எவ்வளவு அழுத்தினாலும் ஏறாது. சுத்தியலை எடுக்காதீர்கள். சிலிண்டருக்குள் அடைபட்ட எண்ணெய் வெயிலில் விரிந்து அழுத்தம் ஏறிக் கிடக்கிறது, அவ்வளவுதான். நிழலுக்கு இழுத்துப் போட்டுக் காத்திருக்கலாம். கழற்றும்போதே பிளேடைத் தரையில் இறக்கி, இன்ஜினை நிறுத்தி, லீவரை முன்னும் பின்னும் இரண்டு முறை ஆட்டி அழுத்தத்தை விட்டுவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. கப்ளருக்கு ரப்பர் மூடி போடாவிட்டால், செம்மண் தூசி உள்ளே போய் வால்வைக் கீறும். எங்கள் வண்டியில் நான்கு மூடிகளுக்கும் சித்தி இரண்டிரண்டாகச் சிவப்பு, நீல ரிப்பன் கட்டிவிட்டார். மாற்றி மாட்டினால் ‘இறக்கு’ என்றால் ஏறும். பக்கத்தில் குனிந்து நிற்கிறவருக்கு அது விளையாட்டல்ல.

கை நீட்டிய கதையை இப்போது முடிக்கிறேன். ஊசிமுனை ஓட்டை வழியாகப் பீய்ச்சும் ஹைட்ராலிக் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். 7 பார் அழுத்தமே அதற்குப் போதும் என்கின்றன பாதுகாப்புக் கையேடுகள். நம் ஓசில் ஓடுவது அதைப்போல 20 மடங்குக்கும் மேல். பார்த்தால் சின்ன எறும்புக்கடி மாதிரிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. உள்ளே தசை வழியாக எண்ணெய் பரவி, ரத்த ஓட்டத்தை அடைத்து, சில மணி நேரத்தில் விரலையோ கையையோ எடுக்க வேண்டிய நிலை வரலாம். ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்று மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டுத் தூங்கக் கூடாத காயம் இது. அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போய், ‘அழுத்தத்தில் இருந்த எண்ணெய் தோலுக்குள் போய்விட்டது’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். காயத்தின் அளவை வைத்து டாக்டரே ஏமாறக்கூடும். ஒழுகலைத் தேட ஓர் அட்டைத் துண்டு போதும். அட்டையை ஓசின் அருகே பிடித்தால் எண்ணெய்க் கோடு விழும். கை வேண்டவே வேண்டாம்.

உயர்ந்து நிற்கும் டிரெய்லருக்குக் கீழே போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு ஓசு மட்டும்தான். முட்டுக்கட்டை கொடுக்காமல் யாரும் கீழே தலையை நுழைக்கக் கூடாது. ஒட்டிய வண்டலைச் சுரண்டுவதற்காக என்றாலும் கூடாது. தோப்புக்குள் கரன்ட் கம்பி தாழ்வாகப் போகும் இடத்தில் டிரெய்லரைத் தூக்குவதும், வரப்புச் சரிவில் தூக்குவதும் அப்படித்தான்.

எல்லோருக்கும் இந்த வேலை தேவையா என்றால், இல்லை என்றுதான் சொல்வேன். வருஷத்துக்கு இரண்டு முறை மண் தள்ள வேண்டும் என்பவர், வேளாண் பொறியியல் துறையின் வாடகை இயந்திரத்துக்கு உழவன் செயலியில் பதிந்துவிட்டுப் போவது லாபம். முன்பக்கம் பிளேடுக்குப் பதில் அள்ளித் தூக்கும் லோடர் மாட்ட ஆசைப்படுகிறவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும். குட்டி வண்டியின் முன் அச்சு அந்தப் பாரத்துக்கானதா, பின்னால் எடை கட்டியாயிற்றா என்று கம்பெனியிடம் கேட்காமல் இறங்கினால், கவிழ்வது வண்டி மட்டுமல்ல. வாரத்தில் மூன்று நாள் வேலை இருக்கிறது, ஆள் கிடைக்கவில்லை என்கிற சித்தப்பா மாதிரியானவர்களுக்குத்தான் இது.

போன வாரம் தோப்புக்குப் போயிருந்தேன். வண்டல் பரத்தி முடிந்திருந்தது. வாழை அப்படியே நிற்கிறது. சித்தப்பா ஒற்றை விரலால் லீவரைத் தள்ளி, ரோட்டவேட்டர் தூருக்கு ஒரு சாண் முன்னால் விலகுவதை எனக்கு நான்கு தடவை காட்டினார். சித்தி களத்தில் உட்கார்ந்து தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். கடப்பாரையில் குத்தியபடியே, “பிளேடு சும்மா கிடக்கிற நாள்ல, அந்த லைன்ல தேங்காய் உரிக்கிற மெஷின் மாட்ட முடியுமான்னு அந்தப் பட்டறைத் தம்பியக் கேட்டீங்களா?” என்றார்.

சித்தப்பா இன்ஜினை நிறுத்திவிட்டு யோசிக்க ஆரம்பித்தார்.